கை மாறி வந்த மருந்து

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலை போகிற பேருந்து வளைவுகளில் மூச்சிரைத்து ஏறும். கோமுகி அணை பின்னால் போய்விடும். மேலே கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினரின் மண். நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு அதைத் தன் கைக்கு எடுத்தது 1976இல்தான். அரசாங்கமே இத்தனை தாமதமாக ஏறிய மலையில் தடுப்பு மருந்து மட்டும் தானாக ஏறிவிடுமா?

அது எங்குமே தானாகப் போனதில்லை. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் இந்தியாவில் முதன்முதலாகக் குத்தப்பட்டது. பனிக்கட்டிப் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். ஒரு வாரம் போனால் அங்கும் கொப்புளம் எழும்பும். அதிலிருந்து இன்னொரு குழந்தைக்கு. அதே ஆண்டில் மருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு மருந்துக் குப்பி, பிள்ளைகளின் கைதான். அவர்களைத் தன்னார்வலர்கள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கன்றுகளின் தோலில் அம்மைப்பால் வளர்த்தார்கள். கிண்டியில் கிங் நிலையம் 1899இல் தொடங்கியது அதற்காகத்தான். மருந்து பெருகியதே தவிர, நம்பிக்கை பெருகவில்லை. மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிய வீடுகளில், அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. வரி வாங்குகிற துரைத்தனத்தின் ஆள் கையில் கூர்முனையோடு வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்?

பின்னாளில் போலியோ சொட்டு மருந்துக்குக் கதவைத் திறக்க வைத்தவர்கள் தெரிந்த முகங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதாது என்று கண்டார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் வேலூரில் நடத்திக் காட்டினார். ரோட்டரி சங்கம் 1985இல் போலியோ ஒழிப்பை உலகளாவிய பணியாக ஏற்றது. 1995இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து நாள் வந்தது. அதற்கு மருத்துவர்கள் மட்டும் போதுமா? சத்துணவுக்கூடத்து ஆயா, அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், மகளிர் குழுப் பெண்கள் என ஊரே மேசை போட்டு உட்கார்ந்தது. பேருந்து நிலையம், ரயிலடி, செங்கல் சூளை, மலைக்கிராமம் எதுவும் விடுபடக் கூடாது என்பதே கணக்கு.

வேலை நுணுக்கமானது. தோளில் தொங்கும் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதிகள். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடுபட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தை ஒதுக்கிவிட வேண்டும். பள்ளிப்படிப்பு முடிக்காதவரும் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

இயற்கையான போலியோ நச்சுயிரால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டவர் 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் நோய்வாய்ப்பட்டார். சொட்டு மருந்து நாள் அதோடு நிற்கவில்லை. 2024 மார்ச் 3 அன்றும் தமிழ்நாட்டில் 43,051 மையங்கள் இயங்கின. மருந்து வாங்கிய குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைப்பார்கள்; அடுத்த நாட்களில் வீடு வீடாகப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த விரலைத்தான்.