பத்தரை மணிக்கு மூன்று வாணம்

வாணவேடிக்கை என்றால் நம்மில் பலருக்கும் தீபாவளிதான் ஞாபகம் வரும். 2024 ஆகஸ்ட் வரை எனக்கும் அப்படித்தான்.

புனேயில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த என்னை அலுவலகம் இரண்டு மாதம் டோக்கியோவுக்கு அனுப்பியிருந்தது. கூட வேலை பார்த்த நண்பருக்குச் சொந்த ஊர் நாகோகா. "எங்க ஊர் வாணவேடிக்கையைப் பார்க்காம திரும்பக் கூடாது" என்று ஷின்கான்சென் ரயிலில் கூட்டிப்போனார்.

விழா ஆகஸ்ட் 2, 3 தேதிகளில். நாங்கள் போய்ச் சேர்ந்தது 1ஆம் தேதி. அன்று இரவே ஷினானோ ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனார். அவருடைய அம்மாவும் வந்தார், வயது 85. சரியாகப் பத்தரை மணிக்கு, வெள்ளை வெளேரென்று மூன்று வாணங்கள் சாமந்திப்பூ மாதிரி விரிந்து உதிர்ந்தன. அவ்வளவுதான். எங்களைச் சுற்றி யாரும் கை தட்டவில்லை. அம்மா கைகூப்பியபடி நின்றார்.

திரும்பும் வழியில் நண்பர் விஷயத்தைச் சொன்னார். 1945 ஆகஸ்ட் 1, இதே பத்தரை மணிக்குத்தான் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் நாகோகா மேல் தீக்குண்டு போட ஆரம்பித்தன. வந்தவை 125 விமானங்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். இறந்தவர்கள் 1,488 பேர். அடுத்த இரண்டு வாரத்தில் போரே முடிந்துவிட்டது!

மறுவருடம் அதே நாளில் ஊரார் மறுசீரமைப்பு விழா எடுத்தார்கள். போரால் நின்றுபோன வாணவேடிக்கை 1947இல் மறுபடி தொடங்கியது. நான் பார்த்த வெள்ளை வாணத்துக்குப் பெயர் 'ஷிராகிகு', வெள்ளைச் சாமந்தி. அதைச் செய்தவர் காசே செய்ஜி என்ற உள்ளூர் வாணக் கலைஞர். போர் முடிந்ததும் சைபீரிய முகாமில் கைதியாக இருந்தவர். அங்கே மடிந்த தோழர்களுக்காக 1990இல் கபரோவ்ஸ்க் போய், ஆமூர் ஆற்றங்கரையில் இதை ஏற்றினார்.

"வானத்திலிருந்து விழுந்த நெருப்பைப் பார்த்தவங்க, இதை எப்படி ரசிக்கிறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். நண்பர் மொழிபெயர்த்தார்.

"நாளைக்கு நான் வர மாட்டேன். சத்தம் தாங்காது. எனக்கு இந்த மூணு போதும்."

மறுநாள் 300 கிலோ எடையுள்ள 'சன்ஷாகுதாமா' வெடித்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. 2004 பூகம்பத்திலிருந்து ஊர் மீண்டதற்காக 2005 முதல் விடும் 'பீனிக்ஸ்' வாணங்கள் ஆற்றின் நீளத்துக்கும் எரிந்தன. கூட்டத்தோடு நானும் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும், வீட்டில் தனியாக இருந்த அந்த அம்மா ஞாபகம்தான்.

நாகோகா போகிறவர்கள் ஒருநாள் முன்னதாக, 1ஆம் தேதியே போய்விடுங்கள். மூன்றே வாணம்தான்.