சாலையோரப் புளியும் 2சி பட்டாவும்

புது வீடு கட்டுபவர் தெருவோரத்தில் மரம் வைத்தாக வேண்டும் என்று நகர நிர்வாகங்கள் விதி வகுப்பது அண்மைக்கால வழக்கம். ஆனால் பொது நிலத்து மரத்தை நடுவது யார், தண்ணீர் ஊற்றுவது யார், அதன் காய் யாருக்கு என்னும் கேள்விகளுக்குக் கயத்தாற்றைச் சூழ்ந்த கரிசல் வட்டாரம் நெடுங்காலத்துக்கு முன்பே தனக்குரிய விடைகளைக் கண்டிருந்தது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில், கோவில்பட்டிக்குத் தெற்கே அமைந்த இவ்வூரை 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்ட ஊராகவே தமிழகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவிலும் ஊருக்கு அடையாளமாக நிற்பது ஒரு மரம்தான்.

தென்பாண்டிச் சீமையில் சாலையோர நிழலைப் பற்றிப் பேசும் மக்கள் வழக்கு, 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரையே முதலில் சொல்லும். சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரோடு இன்றும் சேர்ந்தே வழங்குகின்றன. பிற்காலத்தில் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டத்தின் வழியே ஜில்லா போர்டுகள் சாலைகளின் பொறுப்பை ஏற்றபோது, சாலை மரங்களும் அவற்றின் கைக்கு வந்தன. ஆலமரத்தை விதையிலிருந்து வளர்க்கக் காத்திராமல், கைத்தடிமன் உள்ள கிளையை வெட்டி நடுவார்கள். இதற்குப் போத்து நடுதல் என்று பெயர். புளிக்கு அந்த வசதி இல்லை. கன்றாக வைத்து, ஆடு கடிக்காமல் முள் கட்டி, எட்டுப் பத்து ஆண்டுகள் காத்திருந்தால்தான் அது காய்க்கும். காய்த்த பிறகோ, அடிமரத்தில் எண் எழுதப்பட்ட ஒவ்வொரு மரமும் வரவு தரும் சொத்தாகிவிடும். மகசூல் ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்படும். குத்தகை எடுத்தவர் காய் பழுக்கும் வரை காவல் காத்து, மாசி பங்குனியில் ஆள்விட்டு உலுக்கிச் சாக்கில் கட்டுவார். வழிப்போக்கருக்கு நிழல், அரசுக்கு வருவாய், குத்தகைதாரருக்குப் புளி என மூன்று தரப்புக்கும் பயன் இருந்ததால்தான், அந்த மரத்தின் மேல் கோடரி எளிதில் விழவில்லை.

வீட்டு வாசலுக்கும் ஊர்ப் பொதுவிடத்துக்கும் இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று வருவாய்த்துறைக் கணக்கில் இருந்தது. கிராமக் கணக்குகளில் 2சி என்பது மரப்பட்டாப் பதிவேடு. புறம்போக்கில், அதாவது அரசுக்குரிய பொது நிலத்தில், நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையை ஒருவருக்குத் தந்து, அதற்கு மரவரி வாங்கும் முறை இது. நிலம் அரசினுடையதாகவே இருக்க, புளியும் பனையும் இலுப்பையும் தரும் பலன் மட்டும் பட்டாதாரரைச் சேரும். மரம் வைத்துக் காத்தவனுக்கு நிலத்தைக் கொடுக்காமல் மரத்தை மட்டும் கொடுத்த இந்த ஏற்பாடு, இன்றைய நகர விதிகள் பலவற்றைக் காட்டிலும் மனித இயல்பை நன்கு அறிந்தது என்றே சொல்ல வேண்டும்.

காப்பவனுக்கே மரத்தின் பலன் என்னும் இந்த அறிவு கரிசலில் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மழையில் ஊறி உப்பும் கரிசல் மண், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, இளங்கன்றின் நுனிவேர்களை அறுத்துவிடும். வட்டாரத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடுவதால், அதன்பின் கன்றைக் காப்பது குடத்துத் தண்ணீர் ஒன்றே. வேம்பும் உடையும் இந்த மண்ணின் பிள்ளைகள் என்பதால் தாக்குப்பிடிக்கும். மற்றவற்றுக்குக் குறைந்தது மூன்று கோடைகளுக்கு ஒரு கை வேண்டும். வீட்டு முன் வேம்பு நிற்பதற்கு அதன் குளிர்ச்சியும் மாரியம்மன் மீதுள்ள பக்தியும் மட்டும் காரணமல்ல. பாத்திரம் கழுவிய நீர் அன்றாடம் அதன் தூரில் விழுவதும் காரணம்.

இன்றைய விதிகள் வேறு திசையில் நடக்கின்றன. 2016இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளின் சுற்றுச்சூழல் நிபந்தனைகள், 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்று கணக்கிட்டன. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டுப் பரப்பைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. சிங்கப்பூர் 1975இல் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இயற்றி, குடியிருப்பும் சாலையும் அமைப்போர் மரத்துக்கு இடம்விட வேண்டும் என்றது. அங்கேயும் தொடக்கத்தில் விரைவில் நிழல் பெற, வேங்கை இனத்து அங்சானா மரத்தின் பருத்த கிளைகளையே வெட்டி நட்டார்கள். பெயர்தான் வேறு, வேலை நம்முடைய போத்து நடுதலே. ஆனால் நட்டதை நாள்தோறும் பராமரிக்கத் தனித் துறையும் ஆட்களும் அங்கே இருந்தனர்.

கயத்தாறு போன்ற பேரூராட்சிகளில் அந்தப் பொறுப்பை ஏற்கத் தக்கவர் வீட்டுக்காரரே. நான்குவழிச் சாலைக்காகப் பழைய சாலை மரங்கள் சாய்ந்தபின், ஊரைச் சுற்றிக் கரிசல் காடுகள் மனைகளாக அளக்கப்பட்டு எல்லைக்கற்கள் ஊன்றப்படுகின்றன. மனை விற்றாலும் வீடு எழப் பல ஆண்டுகள் ஆவதால், அங்கே வைக்கும் கன்று ஆளில்லாமல் முதல் பங்குனியிலேயே கருகுகிறது. ஆகவே மரவிதியை மனை பிரிக்கும் நாளோடு கட்டுவதைவிட, அடுப்பெரியத் தொடங்கி, கழுவுநீர் வாசலுக்கு வரும் நாளோடு கட்டுவதும், அந்த மரத்தின் பலனை 2சி முறைப்படி அந்த வீட்டுக்கே எழுதிக் கொடுப்பதும்தான் இந்த மண்ணுக்குப் பொருந்தும்.