மலட்டுப் பழியும் மருத்துவ வரலாறும்

மக்கட்பேறு வாய்க்காத இல்லத்தில் பழி முதலிற் சென்று சேரும் இடம் பெண்ணே. ‘மலடி’ என்னும் சொல் தமிழர் நாவில் வழங்கிய அளவுக்கு ‘மலடன்’ என்னும் சொல் வழங்கவில்லை. அப்பழியைச் சுமந்து பிறந்தகம் திரும்பிய பெண்டிரும், கணவன் மறுமணம் செய்துகொள்ள ஒதுங்கி நின்ற பெண்டிரும் பலர். இந்நிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பிற இனத்தாரிடமும் இருந்ததே. ஆனால், குழந்தையின்மை நேர்வுகளுள் ஏறத்தாழப் பாதியில் ஆணின் உடல்நிலைக்கும் பங்குண்டு என்பது இன்றைய மருத்துவம் கண்ட முடிவு. தொழிலிடத்தில் உடலிற் கலக்கும் உலோகமும், உடலைப் பற்றும் தொற்றுநோயும் ஆணின் கருவாக்கும் ஆற்றலைக் குன்றச் செய்ய வல்லவை. இவ்வுண்மை வெளிப்பட்ட கதை அறிவியலின் வரலாறு. அதனோடு நீதியின் வரலாறும் ஆகும்.

காரீயம் தந்த பாடம்

உலோகங்களுள் முதலிற் கருதத்தக்கது காரீயம். மலேசியச் சுரங்கங்களுக்குப் புகழ் தேடித் தந்த ஈயம் வெள்ளீயமாகும், காரீயம் அதனின் வேறானது, நச்சுத்தன்மை மிக்கது. பண்டைய உரோமர் தண்ணீர்க் குழாய்களைக் காரீயத்தால் அமைத்தனர். திராட்சைச் சாற்றைக் காரீயக் கலங்களிற் சுண்டக் காய்ச்சி உணவிலும் மதுவிலும் சேர்த்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், காரீயத் தொழிலாளரின் வெளிறிய மேனியைச் சான்று காட்டி, மண்குழாயில் வரும் நீரே உடலுக்கு நலம் என்று எழுதினார்.

1965இல் கில்ஃபில்லன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், உரோம உயர்குடியினர் மக்கட்பேறு குன்றி அருகியமைக்குக் காரீயமே காரணம் என்றொரு கொள்கையை வெளியிட்டார். கேட்போரைக் கவரும் கொள்கைதான். எனினும், ஒரு பேரரசின் வீழ்ச்சியை ஓர் உலோகத்தின் தலையில் ஏற்றுவதை வரலாற்றறிஞர் பலர் ஒப்பவில்லை. உரோமர் உடலிற் காரீயம் கலந்தது என்பதற்குச் சான்று உண்டு. அதனாலேயே அவர்தம் குலம் அருகியது என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாறு பயிலும் மாணவர்க்கு இன்றியமையாதது.

முறையான ஆய்வு 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1860இல் பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்டான்டின் பால், காரீயத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்தார். காரீயத்தில் உழைத்த பெண்டிர்க்குக் கருச்சிதைவு மிகுந்திருந்தது. கணவன் மட்டுமே அத்தொழில் புரிந்த குடும்பங்களிலும் கருச்சிதைவு நேர்ந்ததை அவர் பதிவு செய்தார். உலகம் முன்னதைப் பற்றிக்கொண்டது. பின்னதை நெடுங்காலம் பாராமுகமாக விட்டது. 1921இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய உடன்படிக்கை, வெள்ளைக் காரீயச் சாயம் பூசும் தொழில்களிற் பெண்களையும் 18 வயதுக்குட்பட்ட ஆண்களையும் அமர்த்தலாகாது என விதித்தது. வளர்ந்த ஆடவனும் தந்தையாக வேண்டியவன் என்ற எண்ணம் அவ்விதியில் இடம்பெறவில்லை.

பின்னாளில் நிலைமை மாறியது. 1956இல் பிராக் நகர ஆய்வாளர்கள், காட்மியம் என்னும் உலோகத்தின் உப்பு எலிகளின் விரைத் திசுவைச் சிதைப்பதைக் காட்டினர். எலியிற் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிக் கூறலாகாது எனினும், புகையிலைப் புகையிலும் காட்மியம் உண்டு என்பது எண்ணத்தக்கது. 1975இல் ருமேனிய ஆய்வாளர்கள், காரீயத்தோடு பழகிய 150 ஆண் தொழிலாளரை ஆராய்ந்து, விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குன்றியிருந்ததையும், வடிவம் திரிந்திருந்ததையும் வெளியிட்டனர். விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதங்களுக்கு மேலாகும். அக்காலம் முழுவதும் விரைகளும் அவற்றை ஏவும் மூளைச் சுரப்பியும் ஒழுங்காக இயங்க வேண்டும். குருதியில் மிகும் காரீயம் இரண்டின் ஒழுங்கையும் குலைக்கிறது.

தொற்றுநோய் விளைத்த கேடு

பொன்னுக்கு வீங்கி என்னும் நோயைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களே குறித்துள்ளன. தாசோஸ் தீவிற் காதருகே வீக்கம் கண்டோருட் சிலர்க்கு விரையும் வீங்கியது என அவை கூறுகின்றன. பருவமெய்திய ஆடவரை இந்நோய் பற்றினால், பத்துப் பேரில் மூவர் வரை விரைவீக்கம் அடையக்கூடும். பெரும்பாலும் ஒரு புறமே வீங்குவதால் முழு மலட்டுத்தன்மை அரிது; ஆயினும் விந்தணு குன்றுதல் உண்டு. 1963இல் அமெரிக்க அறிவியலார் மாரிஸ் ஹில்மன், நோயுற்ற தம் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கினார்; 1967இல் அது பயனுக்கு வந்தது.

வெட்டை நோயின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1872இல், நியூயார்க்கில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் எமில் நோகெராத், இந்நோய் ஆணிடம் தணிந்ததுபோல் மறைந்திருந்து மனைவியைப் பற்றி, அவளைக் கருத்தரிக்க இயலாதவளாக்குகிறது என்று உரைத்தார். உடன் மருத்துவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1879இல் ஆல்பர்ட் நைசர் நோய்க்கிருமியைக் கண்டறிந்தபின் அவர் கூற்று வலுப்பெற்றது. கணவன் கொணர்ந்த நோயால் மனைவி மலடி என்று பெயர் பெற்றாள்! இந்நோய் ஆணையும் விட்டுவைப்பதில்லை. விந்தணு செல்லும் நுண்குழாய் அழற்சியுற்றுத் தழும்பேறி அடைபட்டால் அவனும் மகப்பேறு இழப்பான்.

லேவன்ஹூக் நுண்ணோக்கி வழியே விந்தணுவைக் கண்ட ஆண்டு 1677. அதனை முறையாக எண்ணும் வழியை மாக்கம்பர், சாண்டர்ஸ் ஆகிய அமெரிக்க மருத்துவர் விளக்கிய ஆண்டு 1929. உலகச் சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக்குக் கையேடு வெளியிட்ட ஆண்டு 1980. கருவி கைக்கு வந்தும், ஆணைச் சோதிக்கும் மனம் வர நெடுங்காலம் ஆயிற்று.

நீதிமன்றம் ஏறிய வழக்கு

1982இல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்னும் மின்கல நிறுவனம், கருத்தரிக்க இயலாமையை மருத்துவச் சான்றால் மெய்ப்பித்தோர் தவிர மற்றப் பெண்கள் அனைவரையும் காரீயம் புழங்கும் பணிகளிலிருந்து விலக்கியது. வேலையை இழக்க அஞ்சிக் கருத்தடை அறுவை செய்துகொண்டாள் ஒரு பெண். தந்தையாக விரும்பித் தன் குருதியிலுள்ள காரீயத்தைக் குறைக்க விடுப்புக் கேட்ட ஆண் ஒருவனுக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. இவர்களும் பிறரும் தொழிற்சங்கமும் தொடுத்த வழக்கில், 1991ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. காரீயம் ஆணின் இனப்பெருக்க ஆற்றலையும் கெடுப்பதற்குச் சான்று இருந்தும் பெண்ணை மட்டும் விலக்கியமை தீர்ப்பிற் சுட்டப்பட்டது. 1860இல் ஒரு மருத்துவர் எழுதி வைத்த உண்மை நீதிமன்றத்தில் ஒலிக்க 131 ஆண்டுகள் ஆயின.

உலகிற் பெரியவர் ஆறு பேருள் ஒருவர், வாழ்நாளில் என்றேனும் குழந்தையின்மையை எதிர்கொள்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அவர்களுட் பலர்க்கு உரிய காலத்துச் சோதனையே முதல் மருந்து. பட்டறையிலும் மின்கலத் தொழிலிலும் உழைக்கும் ஆடவர் காரீயத் தூசு உடலிற் சேராமற் காத்துக்கொள்ளல், தொற்றுநோயை மறைக்காது மருத்துவம் பெறல், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இடுதல் ஆகியன எவர்க்கும் இயல்வனவே. மணமாகிய இருவரும் ஒருசேர மருத்துவரை நாடுவதே முறை. வகுப்பறையில் உடல்நலம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், ‘மலடி’ என்னும் வசைச்சொல் அகராதியில் மட்டும் எஞ்சி நிற்கும் காலம் விரைவில் வரும்.