கடித உறை அலங்காரம்

கடித உறை அலங்காரம் என்பது வெற்றுக் கடித உறைகளின் மீது ரப்பர் முத்திரைகள், வெட்டிய காகிதங்கள், வண்ணங்கள், அழகெழுத்து ஆகியவற்றைக் கொண்டு உருவங்களையும் கோலங்களையும் அமைக்கும் ஒரு காகிதக் கைவினை ஆகும். இது பொழுதுபோக்காகப் பயிலப்படுகின்றது. அஞ்சல் கலை எனப்படும் கலை இயக்கத்தின் ஒரு பகுதியாகவும் இது விளங்குகின்றது.

பிற காகிதக் கைவினைகளில் இருந்து இதனை வேறுபடுத்துவது அதன் பயணம் ஆகும். வாழ்த்து அட்டை உறைக்குள் பாதுகாப்பாகச் செல்கின்றது. உறையோ அஞ்சல் பை, பிரிப்பு இயந்திரத்தின் உருளைகள், மழை, பல கைகளின் வியர்வை ஆகிய அனைத்தையும் கடந்தே பெறுநரைச் சேர வேண்டும். மேலும், உறை என்பது முகவரியும் கட்டணமும் குறிக்கப்பட்ட ஓர் அலுவல் பொருளும் ஆகும். எனவே அலங்காரத்திற்கும் அஞ்சல் தேவைகளுக்கும் இடையே உறையின் இடத்தைப் பங்கிட்டுக் கொள்வதே இக்கைவினையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

உறையின் பரவல்

பிரித்தானியாவில் 1840-ஆம் ஆண்டுக்கு முன்னர் அஞ்சல் கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால் பெரும்பாலானோர் கடிதத்தையே மடித்து, அரக்கினால் ஒட்டி, அதன் வெளிப்புறத்தில் முகவரி எழுதினர். 1840 சனவரி 10 அன்று எடையின் அடிப்படையில் ஒரு பென்னி என்னும் சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் உறைக்கெனத் தனிச் செலவு இல்லாமல் போயிற்று.

அதே ஆண்டு மே மாதம் 'பென்னி பிளாக்' அஞ்சல்தலையுடன், ஓவியர் வில்லியம் முல்ரெடி வரைந்த படம் அச்சிடப்பட்ட அஞ்சல் உறைகளும் வெளியிடப்பட்டன. பிரித்தானியாவின் உருவகமான பிரிட்டானியா உலகின் நாற்றிசைகளுக்கும் தூதர்களை அனுப்புவதாக அப்படம் அமைந்திருந்தது. மக்கள் இதனை ஏளனம் செய்தனர். பதிப்பாளர்கள் பலர் இதனைப் பகடி செய்யும் கேலிச்சித்திர உறைகளை அச்சிட்டு விற்றனர். அரசின் உறை விரைவில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உறையின் முகப்பு படத்திற்கும் உரிய இடம் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வு பரப்பியது.

1845-இல் எட்வின் ஹில், வாரன் டி லா ரூ ஆகியோர் உறை மடிக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். இத்தகைய இயந்திரங்களால் உறை மலிவான பொருளாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) கொடி, கழுகு, படைவீரர் முதலிய படங்கள் அச்சிட்ட நாட்டுப்பற்று உறைகள் மிகுதியாக விற்பனையாயின. இறப்புச் செய்தியைத் தாங்கிய உறைகளுக்குக் கறுப்புக் கரை இடும் வழக்கமும் 19-ஆம் நூற்றாண்டில் பரவியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே உள்ளிருக்கும் செய்தியின் தன்மையை வெளிப்புறம் உணர்த்திவிடுகின்றது என்பதே இவற்றின் பொதுப் பண்பு ஆகும். தமிழ்நாட்டில் திருமண அழைப்பிதழின் மூலைகளில் மஞ்சள் தடவும் வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது.

ரப்பர் முத்திரையின் தோற்றம்

இயற்கை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வல்கனைசு முறையைக் கண்டறிந்தார். 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இவ்வாறு பதப்படுத்திய ரப்பர் செயற்கைப் பற்களின் அடித்தளத்திற்குப் பயன்பட்டதால் பல் மருத்துவர்களிடம் சிறிய வல்கனைசு அடுப்புகள் இருந்தன. 1860களில் அமெரிக்காவில் ரப்பர் முத்திரைகளைச் செய்யத் தொடங்கியவர்கள் இவ்வகை அடுப்புகளையே பயன்படுத்தினர். ரப்பர் முத்திரை விரைவில் வங்கி, அஞ்சலகம், அரசு அலுவலகம் ஆகியவற்றின் இன்றியமையாக் கருவியாயிற்று.

கலைஞர்களின் பயன்பாடு

அலுவலகத்தின் அதிகாரச் சின்னமாக விளங்கியதாலேயே ரப்பர் முத்திரை கலைஞர்களைக் கவர்ந்தது. செருமானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919-இல் அலுவலக முத்திரைகளைக் கொண்டு ஓவியங்களை உருவாக்கினார். அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் (1927–1995) நண்பர்களுக்கும் அறிமுகம் இல்லாதோருக்கும் படங்கள், வெட்டுத்துண்டுகள், முத்திரை குத்திய தாள்கள் ஆகியவற்றை அஞ்சலில் அனுப்பினார். அவற்றில் சிலவற்றை மேலும் ஏதேனும் சேர்த்து வேறொருவருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். இவ்வலைப்பின்னல் நியூ யார்க் கடிதப் போக்குவரத்துப் பள்ளி என அழைக்கப்பட்டது. கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, அதனுள் 'நடனம்' என்னும் சொல் தெரியுமாறு அவர் எழுதினார். 1970-இல் நியூ யார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இப்பள்ளியின் பெயரில் கண்காட்சி ஒன்று நடைபெற்றது.

பிரெஞ்சுக் கலைஞர் பென் வோத்தியே 1965-இல் 'அஞ்சல்காரரின் தேர்வு' என்னும் அஞ்சலட்டையை உருவாக்கினார். இதன் இரு பக்கங்களிலும் முகவரிக்கும் அஞ்சல்தலைக்கும் இடம் இருந்தது. இரு பக்கங்களிலும் வெவ்வேறு முகவரிகளை எழுதி அனுப்பினால், எவரிடம் சேர்ப்பது என்பதை அஞ்சல் ஊழியரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. கலைஞர்களின் ரப்பர் முத்திரைகளைத் தொகுத்து எர்வே ஃபிஷர் 1974-இல் பாரிசில் நூல் ஒன்றை வெளியிட்டார்.

தணிக்கை நிலவிய நாடுகளில் இக்கலை இடர் மிகுந்ததாக இருந்தது. உருகுவேயில் படைத்துறை ஆட்சிக் காலத்தில், 1977-இல், அஞ்சல் கலைஞர்களான கிளெமெந்தே படீன், ஹோர்ஹே கரபாலோ ஆகியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரிப் பல நாடுகளின் அஞ்சல் கலைஞர்கள் கடிதங்கள் வழியாகவே இயக்கம் நடத்தினர். படீன் 1979-இல் விடுதலையானார். கிழக்கு செருமனியில் ராபர்ட் ரேஃபெல்ட், அவருடைய மனைவி ரூத் வொல்ஃப்-ரேஃபெல்ட் ஆகியோருக்கு வெளிநாட்டுக் கலைஞர்களுடன் தொடர்பு கொள்ள அஞ்சலே முதன்மையான வழியாக இருந்தது.

பொருட்கள்

உறை

உறையின் அளவுகள் ஐ.எஸ்.ஓ. 269 தரத்தில் வரையறுக்கப்பட்டிருந்தன. பரவலாகப் பயன்படுபவை:

- சி6: 114 × 162 மி.மீ. ஏ4 தாளை இருமுறை பாதியாக மடித்து வைக்கலாம்.
- டி.எல்.: 110 × 220 மி.மீ. ஏ4 தாளை மூன்றாக மடித்து வைக்கலாம்.
- சி5: 162 × 229 மி.மீ. ஏ4 தாளை ஒருமுறை மடித்து வைக்கலாம்.

மெல்லிய தாளில் மை மறுபுறம் ஊறிவிடும். மிகத் தடித்த தாள் மடிப்பில் வெடிக்கும், எடையும் கூடும். சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரையுள்ள, மெழுகுப் பூச்சு இல்லாத தாள் முத்திரை குத்துவதற்கு ஏற்றது.

முத்திரை

வழக்கமான ரப்பர் முத்திரை மூன்று அடுக்குகளைக் கொண்டது. உருவம் பொறித்த ரப்பர், அழுத்தத்தைச் சீராகப் பரப்பும் நுரைப்பஞ்சு, பிடிப்பதற்கான மரக்கட்டை என்பன அவை. உருவத்தின் அச்சிலிருந்து பள்ள வார்ப்பு ஒன்றைச் செய்து, அதன் மீது பதப்படுத்தாத ரப்பரை வைத்து, ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வெப்பத்தில் அழுத்தி இது உருவாக்கப்படுகின்றது. ஒளிபுகும் நெகிழி முத்திரைகளும் உள்ளன. இவற்றின் வழியே தாளைப் பார்க்க முடிவதால் சரியான இடத்தில் குத்துதல் எளிது.

பள்ளி மாணவர் பயன்படுத்தும் அழிப்பானில் இருந்தும் முத்திரை செதுக்கலாம். உருவத்தின் கோடுகளை விட்டுவிட்டு ஏனைய பகுதியை ஓரிரு மி.மீ. ஆழத்திற்கு நீக்க வேண்டும். கோட்டின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட அகலமாக இருக்குமாறு கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் அழுத்தத்தில் மடங்குவதில்லை. எழுத்துக்களை இட வல மாற்றமாகச் செதுக்க வேண்டும். தமிழில் இது கூடுதல் கவனத்தைக் கோருவது. 'செ' என்னும் எழுத்தைப் பெற, அழிப்பானில் கொம்பு வலப்புறமாகவும், இட வலம் மாறிய சகர உருவம் இடப்புறமாகவும் அமைய வேண்டும். மெல்லிய தாளில் எழுதி, அதன் மறுபுறத்தைப் பார்த்துச் செதுக்குவது பிழையைத் தவிர்க்கும்.

மை

- சாய மை: நீரில் கரைந்த சாயம். தாளில் ஊறி விரைவில் காயும். ஈரம் பட்டால் பரவக்கூடும், வெயிலில் வெளிறும்.
- நிறமி மை: நுண்துகள்களைக் கொண்டது. தாளின் மேற்பரப்பில் தங்கி மெதுவாகக் காயும். எளிதில் வெளிறாது.
- கரைப்பான் மை: பளபளப்பான தாள், நெகிழி ஆகியவற்றிலும் பற்றிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்த வேண்டும்.

நுட்பங்கள்

மறைப்பு முறை: ஒரு பொருளுக்குப் பின்னால் மற்றொன்று இருப்பது போன்ற தோற்றம் தருவது. முன்னால் இருக்க வேண்டிய உருவம் முதலில் குத்தப்படுகின்றது. அதே உருவத்தை மற்றொரு மெல்லிய தாளில் குத்தி வெட்டி, உறையில் உள்ளதன் மேல் தற்காலிகமாக ஒட்டி, அதன் மீது இரண்டாம் உருவம் குத்தப்படுகின்றது. மறைப்பை எடுத்தவுடன் இரண்டாவது உருவம் முதலாவதின் பின்னால் உள்ளதாகத் தோன்றும்.

வெப்பப் புடைப்பு: காயாத நிறமி மையின் மீது எம்பாசிங் பொடி எனப்படும் நெகிழிப் பொடி தூவப்படுகின்றது. ஒட்டாத பொடியைத் தட்டி நீக்கியபின், வெப்பக் காற்றுக் கருவியால் சூடாக்கினால் பொடி உருகி, மேடான பளபளப்புக் கோடாக உறையும். முடி உலர்த்தும் கருவி இதற்குப் போதிய வெப்பம் தருவதில்லை. அதன் வேகமான காற்று பொடியையும் பறக்கடித்துவிடும்.

உட்தாள் இடுதல்: வண்ணத் தாளை உறையின் உட்புற வடிவத்தில் வெட்டி உள்ளே ஒட்டுதல். மூடியின் பசைப் பகுதியை மறைக்காதவாறு உட்தாள் சிறிது குறைவாக வெட்டப்படும். அலங்காரம் முழுவதும் உள்ளேயே இருப்பதால் முகவரிக்கு எவ்வித இடையூறும் இல்லை.

ஒட்டுச்சித்திரம்: பழைய நாளிதழ், நிலப்படம், பயன்படுத்திய தாள் ஆகியவற்றின் துண்டுகளை ஒட்டி உருவம் அமைத்தல். துண்டுகளின் ஓரங்கள் முழுமையாக ஒட்டப்பட வேண்டும். தூக்கி நிற்கும் ஓரம் இயந்திரத்தில் சிக்கி உறையையே கிழித்துவிடும்.

உறை தயாரித்தல்: பயன்படுத்திய உறை ஒன்றைப் பசைவிட்டுப் பிரித்தால் அதன் விரிவடிவம் கிடைக்கும். அதனை விருப்பமான தாளின் மீது வைத்து வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டினால் புதிய உறை உருவாகும். மடிக்கும் முன்னரே முத்திரை குத்தினால் உட்தையல் மேடுகள் குறுக்கிடாமல் உருவம் சீராகப் பதியும். கடையில் வாங்கிய உறை எனின், உள்ளே ஒரு மெல்லிய அட்டையைச் செருகிக் குத்துவது வழக்கம்.

அஞ்சல் விதிகளும் இடப் பங்கீடும்

தானியங்கிப் பிரிப்பு நிலையங்களில் இயந்திரம் முதலில் அஞ்சல்தலையைத் தேடி உறையை நேராக்குகின்றது. பின்னர் ஒளிப்படக் கருவி முகவரியைப் படிக்கின்றது. படித்த தகவல் பட்டைக்குறியாக உறையின் மீது அச்சிடப்படுகின்றது. இம்மூன்று பணிகளுக்கும் தேவையான இடத்தை அலங்காரம் ஆக்கிரமித்தால் கடிதம் தாமதமாகலாம், அல்லது கைப்பிரிப்புக்கு அனுப்பப்படலாம்.

எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்க அஞ்சல் சேவையின் விதிகளின்படி உறையின் கீழ் வலது மூலையில் 4¾ அங்குல (ஏறத்தாழ 121 மி.மீ.) நீளமும் ⅝ அங்குல (ஏறத்தாழ 16 மி.மீ.) உயரமும் உள்ள பகுதி பட்டைக்குறிக்காக வெறுமையாக இருக்க வேண்டும். உறையின் நீளத்தை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 1.3-க்கும் 2.5-க்கும் இடையில் அமைய வேண்டும். சதுர உறையின் விகிதம் 1 என்பதால் அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பொத்தான், கயிறு, கொக்கி முதலியன பொருத்தப்பட்ட உறைகளுக்கும், தடிப்பு சீராக இல்லாத உறைகளுக்கும் இவ்வாறே கூடுதல் கட்டணம் பெறப்படுகின்றது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இவற்றைக் கருத்திற் கொண்டு பின்வரும் பங்கீடு பரவலாகப் பின்பற்றப்படுகின்றது:

- மேல் வலது மூலை அஞ்சல்தலைக்கும் அஞ்சலக முத்திரைக்கும் உரியது.
- நடுப்பகுதியும் வலது பாதியும் முகவரிக்கு உரியவை. பின்னணி அடர்நிறமாக இருந்தால் வெள்ளை ஒட்டுத்தாளில் முகவரி எழுதப்படும்.
- கீழ் விளிம்பு வெறுமையாக விடப்படும்.
- இடப்புறமும் பின்புறமும் அலங்காரத்திற்கு உரியவை. அனுப்புநர் முகவரிக்கும் இங்கேயே இடம் ஒதுக்கப்படும்.

அரக்கு முத்திரை இயந்திர உருளைகளில் நொறுங்கும் என்பதால், அரக்கிட்ட உறையை மற்றொரு உறைக்குள் வைத்து அனுப்புவோரும் உளர். அஞ்சல்தலை போலவோ அஞ்சலக முத்திரை போலவோ தோன்றும் உருவங்களை அவற்றிற்குரிய மூலையில் பதிப்பது குழப்பத்தை விளைவிக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

இன்றைய நிலை

ஐக்கிய அமெரிக்காவில் அலங்கரித்த உறைகளுக்கான போட்டி ஒன்று 1995-இல் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தால் தொடங்கப்பட்டது. பின்னர் வாஷிங்டன் அழகெழுத்தாளர் சங்கம் அதனை நடத்தி வந்தது. எழுத்தாளரும் ஓவியருமான எட்வர்ட் கோரி 1968–69 காலப்பகுதியில் பீட்டர் நியூமேயருக்குப் படம் வரைந்து அனுப்பிய உறைகள், அவர்களது கடிதங்களுடன் 2011-இல் நூலாக வெளிவந்தன.

மின்னஞ்சலின் வரவால் கடிதப் போக்குவரத்து பெரிதும் குறைந்துள்ளது. டென்மார்க்கின் போஸ்ட்நோர்ட் அஞ்சல் நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் இறுதியுடன் அந்நாட்டில் கடிதப் பட்டுவாடாவை நிறுத்தியது. உறை அலங்காரம் அஞ்சல் சேவையைச் சார்ந்தே இயங்குவது. அஞ்சலில் சேர்க்கப்படாத உறையும் அழகான காகிதப் பொருளே. ஆயினும் நாளும் ஊரும் பொறித்த அஞ்சலக முத்திரை அதில் இராது. அம்முத்திரையை இடுவது அனுப்புநரும் அல்லர், பெறுநரும் அல்லர். அவ்வகையில் பயணம் செய்த ஒவ்வோர் உறையும் குறைந்தது இருவரின் கைப்பணி ஆகும்.

இவற்றையும் பார்க்க

- அஞ்சல் கலை
- அஞ்சல்தலை
- அழகெழுத்து
- ஒட்டுச்சித்திரம்
- ரப்பர்