மறைத்தலும் காட்டலும்: தமிழ்த் திரையில் ஒற்றரின் மெய்ப்பாடு

1942-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இந்தியக் கரையை நோக்கிப் புறப்பட்டது. அதில் சென்றவர்களுள் ஒருவர் வக்கம் அப்துல் காதர். கேரளத்து வக்கம் என்னும் ஊரில் பிறந்து, வேலை தேடி மலாயாவுக்கு வந்தவர். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் நடைபெற்ற சுவராஜ் பயிற்சி நிலையத்தில் ஒற்றுப் பயிற்சி பெற்றவர். மலபார்க் கரையில் தானூரில் இறங்கியதும் அவர் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-ஆம் நாள், தம் 26-ஆம் வயதில், சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்குமுன் தந்தைக்கு அவர் எழுதிய இறுதி மடல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11-ஆம் நாள், ஜப்பானிய வானூர்தி சென்னையின்மீது குண்டு வீசியது.

அந்தக் குண்டுவீச்சு நாளைக் களமாகக் கொண்டே தமிழின் முதன்மையான ஒற்றர் படம் பின்னர் எழுந்தது. ஒற்றரின் நெஞ்சத்தைத் தமிழ் நடிகர்கள் எவ்வாறு திரையில் காட்டினர் என்னும் வரலாற்றை அதிலிருந்து தொடங்கி நோக்குவது இவ்வுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் வகுத்த முரண்

திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஐயத்துக்கு இடமளிக்காத தோற்றம், பிறர் உற்றுநோக்கினும் கலங்காத உறுதி, எந்நிலையிலும் உள்ளத்தில் உள்ளதை வெளியிடாத அடக்கம் ஆகியவற்றை வள்ளுவர் அங்கே ஒற்றர்க்கு இலக்கணமாக வகுக்கிறார். அதே பொருட்பாலில் குறிப்பறிதல் அதிகாரமோ, நெஞ்சில் மிகுந்ததை முகம் பளிங்குபோல் காட்டிவிடும் என்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணங்களால் தோன்றும் என்று வகுக்கிறது.

ஒற்றரின் தொழில் மெய்ப்பாட்டை மறைப்பது. நடிகரின் தொழில் அதனைக் காட்டுவது. ஒற்றராக நடிக்கும் நடிகர் எதிராளிக்கு மறைத்து, அவையோர்க்குக் காட்ட வேண்டும். இந்த முரணை ஒவ்வொரு நடிகரும் தீர்த்துக்கொண்ட முறையே ஒற்றர் படங்களின் நடிப்பு வரலாறு எனலாம்.

ஒரே பாத்திரம், ஆறு நடிகர்

உலகறிந்த சான்று ஜேம்ஸ் பாண்ட் படவரிசை. 1962 முதல் 2021 வரை ஒரே நிறுவனத்தின் வரிசையில் 25 படங்கள் வெளிவந்தன. ஆறு நடிகர்கள் அப்பாத்திரத்தை ஏற்றனர். ஷான் கானரி உணர்ச்சியை அமைதியான ஏளனத்துக்குள் வைத்தார். ஜார்ஜ் லேசன்பி ஒரே ஒரு படத்தில், 1969-இல், நடித்தார். அதன் முடிவில் மணநாளிலேயே மனைவியை இழந்தவனின் துயரை உரத்த அழுகையின்றிக் காட்டினார். ரோஜர் மூர் நகைச்சுவையைக் கேடயமாக்கினார். திமோதி டால்டன் சினத்தை வெளிப்படையாக்கினார். பியர்ஸ் பிராஸ்னன் மென்மையும் மிடுக்கும் கலந்தார். 1997-இல் அவருக்கு இணையாக ஒற்றராகத் தோன்றியவர் நம் ஈப்போவில் பிறந்த மிச்செல் யோ. 2006-இல் வந்த டேனியல் கிரெய்க் காதலும் காயமும் உடைய மனிதனாக ஒற்றனைக் காட்டினார்.

இவ்வரிசையில் பாத்திரம் நிலையானது, நடிகர் மாறுகின்றார். தமிழில் நடந்தது இதற்கு மறுதலை. ஒரே ஒற்றர் பாத்திரம் ஒருவர்பின் ஒருவராகப் பல நடிகர்க்குக் கைமாறும் மரபு இங்கு வேரூன்றவில்லை. நடிகரின் திருவுருவே பாத்திரத்தினும் பெரிதாக இருந்தமையால், ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஒற்றரைப் படைத்துக்கொண்டனர். அயல்நாட்டு ஒற்றன், இரகசியப் போலீஸ், துப்பறியும் அதிகாரி ஆகிய மூவரும் தமிழ்த் திரையில் பெரும்பாலும் ஒருவராகவே கலந்து நின்றனர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாள்: இழிவிலிருந்து பிறந்த வெகுளி

1954-இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. உணர்ச்சியைப் பாட்டின்மேல் ஏற்றிவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், அச்சுமை முழுவதும் நடிகரின் முகத்தின்மீதும் குரலின்மீதும் விழுந்தது. குண்டுவீச்சு நாளில் வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, அண்டை வீட்டார் முதலியோர் சொல்லும் செய்திகள் வழியாக அவன் யாரென்று துப்பறிவோர் தேடுகின்றனர்.

ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ராஜன் பொருளாசையால் மட்டும் கெட்டவன் அல்லன். தன் அறிவைத் தாய்நாடு மதிக்கவில்லை என்ற மனக்காயம் அவனைப் பகைவர்பால் செலுத்துகிறது. அழுகை தோன்றும் காரணங்களுள் முதலாவதாகத் தொல்காப்பியர் இளிவைக் கூறுவார். பிறரால் இகழப்படுதல் என்பது அதன் பொருள். அவ்விளிவு அழுகையாக வெளிவராமல் வெகுளியாகத் திரிவதைச் சிவாஜி காட்டினார். அவனைத் தடுக்க முயலும் மனைவி உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார். அன்பும் நாட்டுப்பற்றும் ஒரே முகத்தில் மோதும் அந்த நடிப்பில்தான் படத்தின் தீர்ப்பு அமைகிறது. ராஜனின் வாழ்வு மனைவியின் கையாலேயே முடிகிறது.

பினாங்கில் இருந்து இப்படத்தைக் காண்பவர்க்கு மற்றொரு நினைவும் எழாமல் இராது. ஜப்பானிய உதவியுடன் அதே காலத்தில் சென்ற காதர் இன்று ஈகியாகப் போற்றப்படுகிறார். ஜப்பானுக்கு உளவு சொன்ன ராஜன் துரோகியாகச் சாகிறான். இருவரையும் பிரிப்பது ஒற்றுத் தொழில் அன்று. ஒருவர் நெஞ்சில் நாட்டின் விடுதலை இருந்தது; மற்றவன் நெஞ்சில் தன் காயமே இருந்தது. ஒற்றனின் செயலை மட்டும் காட்டினால் இவ்வேறுபாடு விளங்காது. செயலின் பின்னுள்ள உணர்ச்சியைக் காட்ட வல்ல நடிப்பே அதனை விளக்கும்.

நகையும் பெருமிதமும்

1960-களில் பாண்ட் படங்களின் செல்வாக்குத் தமிழிலும் பரவியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய படங்கள் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கின. அவர் நடிப்பின் அடிப்படை நகை. நகைக்குத் தொல்காப்பியர் கூறும் காரணங்களுள் எள்ளலும் இளமையும் அவரிடம் மிகுந்திருந்தன. துயரம் நெடுநேரம் தங்காத முகம் அது. விரைவும் புன்னகையுமே ஒற்றனின் மறைவிடம் ஆயின. ஆழம் குறைவு என்று இதனைத் தள்ளிவிடலாகாது. அடுக்குமொழியும் பெருங்குரலும் ஆண்ட திரையில், சாதாரணப் பேச்சுநடைக்கு ஓர் இடம் கிடைக்க இத்தகைய படங்களும் துணைசெய்தன.

எம்.ஜி.ஆர். 1968-இல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘ரகசிய போலீஸ் 115’ படத்தில் தோன்றினார். முந்தைய ஆண்டு சனவரியில் குண்டடிபட்டுக் குரல் மாறியிருந்த நேரம். குரலால் காட்ட இயலாததை நடையாலும் கண்ணாலும் புன்முறுவலாலும் ஈடுசெய்தார். அவருடைய மெய்ப்பாடு பெருமிதம். கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்துக்குக் காரணம் என்பது தொல்காப்பியம். இவற்றுள் பின் மூன்றையும் சேர்த்தால் எம்.ஜி.ஆரின் திரையுருவம் கிடைத்துவிடும். அவர் எந்த வேடத்தில் மறைந்தாலும் அவையோர் அவரை அறிவர். அறிய வேண்டும் என்பதே அவர் படங்களின் ஒப்பந்தம்.

சிவாஜி மீண்டும் 1972-இல் சி.வி. ராஜேந்திரன் இயக்கிய ‘ராஜா’ படத்தில், பகைவர் கூட்டத்துக்குள் மாற்றுப் பெயரில் புகும் அதிகாரியாக நடித்தார். இந்தியில் வந்த ‘ஜானி மேரா நாம்’ படத்தின் தழுவல் அது. தன் தாய் கண்முன் துன்புறுத்தப்படும்போதும் அவளை அறியாதவன்போல் அவன் நிற்க வேண்டிய கட்டம் அதில் உண்டு. பகைவர் பார்க்கும் முகத்தில் அலட்சியம். நாம் பார்க்கும் கண்ணில் அழுகை. ஒற்றாடல் அதிகாரமும் குறிப்பறிதல் அதிகாரமும் ஒரே உடலில் சந்திக்கும் இடம் இது. மிகை நடிப்பு என்று சிவாஜியைக் குறைகூறுவோர் இக்கட்டத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

இழவின் இரு வடிவம்

எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் 1986-இல் வெளிவந்தது ‘விக்ரம்’. கமல்ஹாசன் நடித்த ஒற்றன் தொடக்கத்திலேயே மனைவியை இழக்கிறான். எனினும் அத்துயரம் கதையைத் தொடங்கிவைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. படம் சலாமியா என்னும் கற்பனை நாட்டின் வேடிக்கைகளில் ஈடுபடுகிறது. 36 ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் அதே நடிகர் அதே பெயரில் திரும்பினார். இம்முறை அவன் வளர்ப்பு மகனைப் பறிகொடுத்தவன். ஊரார் கண்ணுக்குக் குடிகாரனாகத் தெரிகிறான். அவன் யாரென்று பலர் வாய்மொழி வழியாகவே முதற்பாதி தேடுகிறது. ‘அந்த நாள்’ படத்தின் கட்டமைப்பு இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது. நோயுற்ற பேரக் குழந்தைக்காக அவன் படும் கவலையில், இழவால் வந்த அழுகை கண்ணீராக இல்லாமல் விழிப்பாக நிற்கிறது.

தமிழ் ஒற்றர்க்கு வீடு உண்டு. மனைவி, தாய், மகன், பேரன் ஆகியோரே அவர் உணர்ச்சியின் ஊற்று. பாண்ட் நெடுங்காலம் வீடற்றவனாக இருந்தான். 2021-ஆம் ஆண்டுப் படத்தில்தான் அவனுக்கு ஒரு மகள் வாய்க்கிறாள், அவளுக்காக உயிரையும் விடுகிறான். இரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்துள்ளன.

மெய்ப்பாட்டியலை மனப்பாடப் பட்டியலாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மேற்கூறிய படங்களில் ஒரு காட்சியை ஒலியின்றி ஓட்டி, எந்த மெய்ப்பாடு, எதனால் தோன்றியது, யாருக்கு மறைக்கப்பட்டது என்னும் மூன்று கேள்விகளை ஆசிரியர் வகுப்பில் எழுப்பலாம். அப்படிப் பழகிய மாணவர், இத்தீவிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வாராத அந்த 26 வயது இளைஞரைப் பற்றிப் படிக்கும்போது, நாளையும் ஊரையும் மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட மாட்டார்.