அவளுடைய ‘வேண்டாம்’

உயிர்மீட்புப் பயிற்சி எடுத்த பலரும் ஒரு பெண்ணின் முகத்தை மிக அருகில் குனிந்து பார்த்திருப்பார்கள். ‘ரெசசி ஆன்’ என்ற பயிற்சிப் பொம்மையின் முகம் அது. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரத்துப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆண் பொம்மை என்றால் பயிற்சிக்கு வரும் ஆண்கள் அதன் வாயில் வாய் வைக்கக் கூசுவார்கள் என்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். அதனால் பெண் பொம்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்தவள் என்று சொல்லப்பட்ட, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பிலிருந்து அதன் முகம் எடுக்கப்பட்டது. அவள் மூழ்கித்தான் இறந்தாளா, அல்லது அந்த வார்ப்பு உயிரோடிருந்த ஒருத்தியின் முகத்தில் எடுத்ததா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அவளைப் பற்றிய கதைகள் ஏராளம். அவள் சம்மதித்தாளா என்பது பற்றி அவற்றில் ஒரு வார்த்தையும் இல்லை.

உயிர்மீட்பின் வரலாற்றைப் படித்துவந்தபோது இந்த முகம் என் நினைவை விட்டு அகலவில்லை. தன் இறுதி நாட்களில் தன் உடலை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் உரிமைக்காக நடந்த பெரிய வழக்குகளில் படுக்கையில் கிடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களைச் சுற்றி நின்று நீதிபதிகளும் மருத்துவர்களும் தந்தையரும் கணவர்களும் பேசினார்கள். அவர்களே முன்பு பேசியிருந்ததுதான் பல நேரங்களில் கணக்கில் வரவில்லை.

நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை, அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1960இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் 20 நோயாளிகள். 14 பேர் பிழைத்தார்கள். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்போதோ மயக்கமருந்தாலோ திடீரென இதயம் நின்றவர்கள் அவர்கள். அந்த முறையைச் சில ஆண்டுகளில் மருத்துவமனைகள் சாகிற எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டன. முற்றிய புற்றுநோயில் மெலிந்த உடலுக்கும், தொண்ணூறு வயதில் அடங்கும் இதயத்துக்கும் அதே அழுத்தம், அதே மின்னதிர்ச்சி. சினிமாவில் பார்ப்பதுபோல் நோயாளி கண் விழித்து எழுவது அபூர்வம். மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களிலேயே பெரும்பாலானோர் வீடு திரும்புவதில்லை. நோயும் முதுமையும் முற்றியவர்களில் திரும்புவோர் இன்னும் குறைவு. முறையாக அழுத்தினாலே விலா எலும்புகள் முறியும்.

மற்ற எந்தச் சிகிச்சைக்கும் நம்மிடம் கையெழுத்துக் கேட்பார்கள். இதற்கு மட்டும் வேண்டாம் என்றால்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வழியும் எளிதில் வரவில்லை. எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று எழுதி வைக்க மருத்துவர்கள் அஞ்சிய காலத்தில் ரகசியக் குறிகள் புழங்கின. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில், யாரை மீட்க வேண்டாம் என்பதை அவர்களது அட்டையில் ஊதா நிறப் பொட்டு ஒட்டிக் குறித்திருக்கிறார்கள். 1984இல் அது விசாரணைக்கு வந்தது. ‘மீட்க வேண்டாம்’ என்ற முடிவை நோயேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1974இல் சொன்னது. 1976இல் பாஸ்டன் மருத்துவமனைகள் தங்கள் விதிகளை வெளியிட்டன. நியூயார்க் மாநிலம் 1987இல் இதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இந்தக் காலத்தின் பெயர் பெற்ற வழக்குகளில் முதலாவது, கேரன் ஆன் குவின்லன். 1975இல், 21 வயதில், மூச்சு நின்று மீளா மயக்கத்தில் விழுந்தாள். செயற்கைச் சுவாசத்தை அகற்றக் கோரிப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். இப்படிக் கருவிகளோடு கிடக்க விரும்பமாட்டேன் என்று அவள் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். வேறு யாரையோ பற்றிய பேச்சு, போதிய சான்று ஆகாது என்று அதை நியூ ஜெர்சி நீதிமன்றம் ஒதுக்கியது. 1976இல் அவளுடைய உரிமையை அவளுக்காகப் பயன்படுத்தும் அதிகாரத்தைத் தந்தைக்குக் கொடுத்தது. தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகம்தான். ஆனால் வென்றது தந்தையின் சொல்.

அடுத்தவள் நான்சி க்ரூசன். 1983 ஜனவரியில் கார் கவிழ்ந்து பள்ளத்தில் கிடந்தாள். மூச்சும் இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. மருத்துவ உதவியாளர்கள் இரண்டையும் மீட்டார்கள், மூளை மீளவில்லை. பாதியாவது இயல்பாக வாழ முடியாவிட்டால் வாழ விருப்பமில்லை என்று உடன் தங்கியிருந்த தோழியிடம் அவள் சொல்லியிருந்தாள். மிசௌரி நீதிமன்றம் அதை நம்பத்தக்கதாக ஏற்கவில்லை. தெளிவான, ஐயமற்ற சான்றை மாநிலம் கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. பிறகு அவளோடு முன்பு வேலைபார்த்தவர்கள் சாட்சி சொன்ன பின்பே உணவுக்குழாய் அகற்றப்பட்டது. அந்த டிசம்பர் 26 அன்று இறந்தாள்.

‘சான்று போதாது என்றால் சட்டம் என்ன செய்யும்?’ என்று கேட்கலாம். அதே சட்டம் ஓர் ஆணிடம் எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்போம். நியூயார்க்கின் சகோதரர் ஜோசஃப் ஃபாக்ஸ் 83 வதுக் கத்தோலிக்கத் துறவி. 1979இல் குடலிறக்க அறுவையின்போது இதயம் நின்று, நினைவு திரும்பாமல் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். தனக்கு அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவர் முன்பே பேசியிருந்ததைத் தெளிவான சான்றாக மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981இல் ஏற்றது. அவர் எதைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொன்னார் தெரியுமா? கேரன் குவின்லன் வழக்கைப் பற்றி. கேரன் பிறரைப் பற்றிப் பேசியபோது சொன்னது சான்றாகவில்லை. கேரனைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது சான்றாகிவிட்டது.

நியூயார்க்கின் அதே நீதிமன்றத்தின் முன் 1988இல் மேரி ஓ’கானர் வழக்கு வந்தது. 77 வயது விதவை. மருத்துவமனையில் இருபது ஆண்டு வேலைபார்த்தவர். கணவரையும் தந்தையையும் சகோதரர்களையும் அவர்களது கடைசி நாட்களில் தானே பார்த்துக்கொண்டவர். கருவிகளால் உயிரை இழுத்துப் பிடிப்பது கொடுமை, தனக்கு வேண்டாம் என்று பல ஆண்டுகளாகப் பலமுறை சொன்னவர். அவருடைய இரண்டு மகள்களும் செவிலியர். அம்மாவுக்கு மூக்குவழி உணவுக்குழாய் வேண்டாம் என்றார்கள். அவர் சொன்னது போதுமான அளவு தெளிவாக இல்லை என்றது நீதிமன்றம். இத்தனை சாவுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்த ஒருத்தி சாவைப் பற்றிச் சொன்னது தெளிவில்லையாம்!

இரண்டு வழக்கை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை. ஸ்டீவன் மைல்ஸ், ஆலிசன் ஆகஸ்ட் இருவரும் இத்தகைய தீர்ப்புகளை ஆண், பெண் எனப் பிரித்துப் படித்து 1990இல் எழுதினார்கள். ஆண் முன்பு சொன்னதை நீதிமன்றங்கள் ஆய்ந்தெடுத்த முடிவாகப் படித்தன. பெண் சொன்னதை யோசிக்காமல், உணர்ச்சிவசப்பட்டு, பக்குவமின்றிச் சொன்னதாகப் படித்தன. அவனுடைய முடிவை அவன் சொற்களிலிருந்தே கட்டினார்கள். அவளுடைய முடிவைச் சுற்றியிருப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். பெண் வேண்டாம் என்றால் அதை வெட்கம் என்றும் பிணக்கு என்றும் படித்துப் பழகிய சமூகங்களுக்கு இதில் வியப்பென்ன?

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஜேனட் ட்ரேசி நுரையீரல் புற்றுநோயாளி. விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து 2011இல் கேம்பிரிட்ஜ் மருத்துவமனையில் இருந்தார். அவரைக் கலந்து பேசாமலே ‘மீட்க வேண்டாம்’ என்று அவர் நோயேட்டில் எழுதிவிட்டார்கள். குடும்பத்துக்குத் தெரியவந்து எதிர்த்தபோது அதை ரத்து செய்தார்கள். அவர் இறந்த பிறகு கணவர் வழக்கைத் தொடர்ந்தார். கேட்காமல் எழுதியது அவரது உரிமையை மீறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொன்னது. மேரிக்கும் ஜேனட்டுக்கும் நடந்தவை நேரெதிர் போலத் தெரியும். இரண்டிலும் படுக்கையில் இருந்தவளின் பேச்சு ஏட்டில் ஏறவில்லை.

நான்சி க்ரூசன் வழக்கை நம் உச்ச நீதிமன்றமும் விரிவாக எடுத்துப் பேசியது, 2011 மார்ச் 7 அன்று, அருணா ஷான்பாக் தீர்ப்பில். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியான அருணாவை 1973 நவம்பரில் அங்கே வேலைபார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கி வன்கொடுமை செய்தான். கொலைமுயற்சிக்கும் கொள்ளைக்கும் தண்டனை பெற்றான். பாலியல் வன்முறைக்கு அல்ல. அருணா 42 ஆண்டு அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கேட்டார் எழுத்தாளர் பிங்கி விரானி. பேணிவந்த செவிலியர் மறுத்தார்கள். அவர் சார்பில் பேசும் உரிமை மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது நீதிமன்றம். 42 ஆண்டு ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்களின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் யார் அதைக் கேட்டிருப்பார்கள்? 2015 மே மாதம் நிமோனியா வந்து, வென்டிலேட்டரில் இருந்தபடி இறந்தார்.

2018இல் அரசியல் சாசன அமர்வு, முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயிலை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற விதியால் அது காகிதத்திலேயே நின்றது. 2023 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி இருந்தால் போதும். மீட்புச் சிகிச்சையை எப்போது தவிர்க்கலாம் என்பதற்கு ஐ.சி.எம்.ஆர். 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

சட்டம் வந்துவிட்டது; ஐ.சி.யூ. வாசலில் நடப்பது வேறு. என் பெரியம்மாவுக்கு 79 வயது; இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தன. “என்னை மெஷின்ல போட்டு வைக்காதீங்கடி” என்று ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி போகும்போதும் சொல்வாள். கடைசி இரவில் மருத்துவர் வெளியே வந்து, “வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார். ஆறு ஆண்டு அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்த மகள் அங்கேதான் நின்றாள். “அம்மா வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க டாக்டர்” என்றாள். வெளிநாட்டிலிருந்து மகன் போனில், “என்ன செலவானாலும் எல்லாம் பண்ணுங்க” என்றான். எல்லாம் பண்ணினார்கள். மறுநாள் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் மட்டும்தான் அவள் நெஞ்சில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்தோம். கூடத்தில் இருந்தவர்கள், ‘பிள்ளை ஒரு குறையும் வைக்கலை’ என்று பேசிக்கொண்டார்கள்.

இதை எழுதும்போது ஓர் அச்சமும் எனக்கு உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவர்களைச் சாகவிடும் தலைக்கூத்தல் நடந்த மண் இது. ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’ என்று நம் பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தப் பாடத்தை ஒப்பிக்கும் ‘வேண்டாம்’ எது, தானே தேர்ந்த ‘வேண்டாம்’ எது? வெளியிலிருந்து பிரிப்பது கடினம். வலி தணிக்க மார்ஃபின் கிடைத்து, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, செலவுக்குக் கையில் காசும் இருக்கும் பெண் சொல்லும்போதுதான் அது முழுத் தேர்வாகிறது. ஆகவே வலிதணிப்புச் சிகிச்சைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் போராடாமல் மறுக்கும் உரிமையை மட்டும் கேட்பது அரைகுறை வேலை. அதற்காக, ‘பெண்கள் பாரம் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள்’ என்று மேரி ஓ’கானர்களின் வாயை மறுபடி அடைக்கவும் கூடாது.

என் உயிலைச் சென்ற ஆண்டு எழுதிவிட்டேன். மீளும் வாய்ப்பு இருந்தால் செய்யுங்கள். மீளாத நோயின் முடிவில் நெஞ்சை அழுத்த வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம். வலிக்கு மருந்து வேண்டும். வாய் உலராமல் ஈரத்துணியால் நனைக்க வேண்டும். எனக்காகப் பேச என் மகளையும் அக்கா மகளையும் நியமித்திருக்கிறேன். ஒரு பிரதியை வீட்டு ஆண்களிடமும் கொடுத்து, படித்துப் பார்த்ததாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

அம்மாவிடம் இதுவரை கேட்காதவர்கள், அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில், அடுப்படியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து கேளுங்கள். அவர் ‘எல்லாம் செய்யுங்கள்’ என்றாலும் சரி, ‘வேண்டாம்’ என்றாலும் சரி, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.