உரோமாபுரியில் படித்தவர் நமக்குக் கொண்டுவந்தது



கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பையன், “நான் சமயம் படிக்கப் போகிறேன்” என்றால் வீட்டார் என்ன சொல்வார்கள்? “அது சோறு போடுமா?” என்பார் தந்தை. “நம்மை விட்டுப் போய்விடுவானே” என்று கலங்குவார் தாய். நியாயமான கவலைதான். ஆனால், சமயம் படிக்கப் போன ஒருவர் அந்தக் கல்வியோடு தம் மக்களிடமே வந்து சேர்ந்த வரலாறும் உண்டு. அவர்தாம் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்தார். கொழும்பில் குருமடக் கல்வி பெற்று, 1934-இல் உரோமாபுரி சென்று உர்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1627-இல் எட்டாம் உர்பன் என்னும் பாப்பரசர் நிறுவிய கல்விக்கூடம் அது. 1962-இல் பல்கலைக்கழகம் என்ற பெயரையும் பெற்றது. அங்கே மருத்துவமோ பொறியியலோ இல்லை. இறையியல், மெய்யியல், திருச்சபைச் சட்டம், மறைபரப்பியல் ஆகியவையே பாடங்கள். சிறிய இடந்தான், ஆயினும் பல கண்டத்து மாணவர்கள் அங்கே கூடிப் படித்தார்கள்.

அடிகளார் 1938-இல் குருவானார். வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரில் 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குருமாரைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அரசின் கொடுமையும் கொள்ளைநோயும் மக்களை வாட்டிய காலம் அது. எனவே சமயத்தை ஆராய்ந்தவர் சமுதாயத்தையும் சேர்த்தே ஆராய வேண்டியிருந்தது. பழைய ஏடுகளில் சான்று தேடும் பயிற்சியும் கிடைத்தது.

ஐரோப்பிய மொழிகள் பல கற்ற அவருக்குத் தமிழில் ஆழ்ந்த பயிற்சி இல்லை. அந்தக் குறையை அவர் மறைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் பயின்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார்.

உரோமாபுரிக் கல்வி வீண்போகவில்லை. 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் பழைய தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றை அவர் கண்டார். புரோயன்சா பாதிரியார் தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான நூல் அது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. புலவர் சொற்களோடு எளிய மக்களின் பேச்சுச் சொற்களும் அதில் இடம்பெற்றிருந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950-களில் இயக்கம் எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டிய கைகளும் கொடுத்தன. 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை, பின்னர் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கிற்கு வந்தது. 1961-இல் அதன் தலைமைப் பொறுப்பை அடிகளார் ஏற்றார்.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதை முன்னின்று நடத்தியவர் அடிகளார். அதே ஆண்டில் அந்த அகராதியையும் இங்கேயே மறுபதிப்பாக வெளியிட்டார். தொழிலாளர் வெள்ளியும் துணைநின்று வளர்ந்த துறை, அவர்களுடைய முன்னோர் பேசிய சொற்களை மீண்டும் அச்சேற்றியது.

அடிகளார் 1980-இல் மறைந்தார். நம் பிள்ளை எந்தச் சமயத்தைப் படிக்க விரும்பினாலும், “சோறு போடுமா?” என்று கேளுங்கள், தவறில்லை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: “படித்து வந்து எங்களுக்கு என்ன சொல்லப் போகிறாய்?” அந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்து போகும் பிள்ளை எவ்வளவு தொலைவு போனாலும் நம்மைவிட்டுப் போவதில்லை.